கன்னிக்குப் போட்ட கூரை

தாராவியில் எங்கள் சந்தில் மழை பிடித்துக்கொண்டால் யாராவது கட்டர் என்கிற சாக்கடைக் குழியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்றுதான். அப்படித் திறந்து வைத்த குழியில் என் தங்கை விழுந்தாள். மாஹிமில் ரயில் இறங்கி, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். எது தரை, எது குழி என்று யாருக்குத் தெரியும்? அந்த மூடியும் வெள்ளத்தோடு போய்விட்டது.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். சந்துக்காரர்கள் குழியின் விளிம்பிலேயே செங்கல் பீடம் கட்டி, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் பூசினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் கண்ணாடி வளையலும் வைத்தார்கள். யார் வீட்டிலோ பிள்ளை பிறந்தது, யாருக்கோ வேலை கிடைத்தது. எல்லாம் கன்னி கொடுத்தது என்றார்கள். அவள் சத்தமாகச் சிரித்தாலே முகத்தைச் சுளித்தவர்கள்தான் இவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மழை பெய்தால் இன்னும் அவள் குரல் எனக்குக் கேட்கிறது. தெய்வம் கூப்பிடுவது மாதிரி இல்லை. நனைந்துபோய் வந்து, கதவைத் திற என்று எரிச்சலோடு கத்துவாளே, அது மாதிரி. ஒன்றிரண்டு முறை எழுந்துபோய்த் திறந்தும் பார்த்திருக்கிறேன். அம்மா ஏன் என்று கேட்டதில்லை.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. இன்னொருத்தி விழுவதற்குள் அந்தக் குழியை மூட வேண்டும். சந்துக்காரர்கள் போட்ட பலகை அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போனது. விளிம்பை உடைத்து காங்கிரீட் மூடி போட்டால்தான் நிற்கும். முனிசிபாலிட்டி ஆட்களும் வராமல் இல்லை. பீடத்தையும் மஞ்சளையும் பார்த்ததும், "மந்திர் ஹை, ஹாத் நஹி லகாயேங்கே" என்று திரும்பிப் போய்விடுவார்கள். கோயிலில் கை வைத்தால் அடிதடி ஆகும் என்ற பயம் அவர்களுக்கு.

போன வருஷம் வார்டு அதிகாரிகள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு சந்தும் தனக்கு முதலில் நடக்கவேண்டிய வேலையைச் சொல்லலாம். எங்கள் முறை வந்தபோது, பீடத்தை நீங்களே நகர்த்திக் கொடுத்தால் மழைக்கு முன்னால் மூடி போட்டுவிடலாம் என்றார் அதிகாரி. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்தாள். "பெத்தவ சொல்லுதேன். பீடத்த எடுத்துருங்க. குழிய மூடுங்க."

மளிகைக்கடை அண்ணாச்சிதான் மெதுவாக ஆரம்பித்தார். "யக்கா, அப்போ அவ ஒங்க பிள்ள. இப்போ சந்துக்கே தெய்வம்லா. எடுத்தா குத்தம் வந்துரும்."

கை தூக்கச் சொன்னார்கள். மூடிக்கு என் கையும் அம்மா கையும் மட்டும். பீடத்துக்குக் கூரையும் சுற்றிலும் டைல்ஸும் வேண்டும் என்றதற்கு மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன. கோயிலுக்குச் செய்ய முடியாது, மக்கள் நிற்க நிழற்கூரை என்று வைத்துக்கொள்வோம் என்று அதிகாரியே வழி சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் வேலை சுலபமாக முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "செத்த பெறகும் அவள நம்மகிட்ட தரமாட்டேங்காவளே."

கூரை வந்துவிட்டது. நீல நிறம், பளபளவென்று இருக்கிறது. முதல் மழையன்று சாயங்காலம் அம்மாவை வீட்டில் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழியின் விளிம்பில், தண்ணீருக்குள் காலை ஊன்றி நின்றுகொண்டு, வருகிறவர்களைக் கைபிடித்து இந்தப் பக்கம் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. ஆபீஸ் பை மாட்டிய ஒரு பெண், சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவள், பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டக் கூடாது என்று பின்பக்கமாகவே குழியை நோக்கி நகர்ந்தாள். அம்மா அவள் கையை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

"பவர் உள்ள சாமியாமே, ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"சாமி இல்ல தாயி. எம் மவ. இதுக்குள்ளதான் விழுந்தா. நீ பாத்துப் போ."