பின்வாசல் வழியாகப் போன சூசைராஜ்

சூசைராஜ் அமெரிக்காவில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ரங்கூனில் அமெரிக்காவைப் பற்றிப் பேசாத தமிழன் இல்லை. போய்வந்த ஒரே தமிழன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காலிப் பாத்திரத்தை ஊர் சும்மா விடுமா? ஆற்றங்கரையில் தமிழர் குடியிருக்கும் அலோனில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். அங்கே கூலிக்காரனும் மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறான் என்றது ஒரு வீடு. அங்கே வெயில் இல்லை, அதனால் வேர்வை இல்லை, வேர்வை இல்லாததால் மேஸ்திரியும் இல்லை என்றது இன்னொன்று. அந்த நாட்டில் மாட்டுக் கொட்டகைக்கும் மின்சார விளக்கு என்று சத்தியம் செய்தாள் எதிர்ச்சாரியில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரி டோ செய்ன். அவள் பக்கத்து ஊரான பெகுவைத் தாண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் சூசைராஜின் மௌனம்தான்.

இந்த மௌனத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவன் அவருடைய தங்கை மரியபுஷ்பத்தின் புருஷன் செல்லையா. துறையில் அரிசி மூட்டை தூக்குகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொன்னான். சரக்குக் கப்பல் ஒன்றில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. பிற்பகலில் ஆற்று நீர் இறங்கத் தொடங்கியதும் கப்பல் கிளம்பும். நியூயார்க்கில் கரையிறங்கி அப்படியே ஓடிவிடப் போகிறான். நம்மவர் அங்கே குடியேறக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஓடியவன் பிடிபட்டால் சிறை. பிடிபடாவிட்டால் திரும்பி வர வழியில்லை. இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக நின்ற மரியபுஷ்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் அழவில்லை. இடுப்புப் பிள்ளையோடு டிராம் ஏறி, நகர நடுவில் கியாக்டடாவில் அண்ணன் சமையல் வேலை செய்யும் கிளப் குசினிக்குப் போய் நின்றாள். "இத்தனை நாள் வாய மூடிக்கிட்டு இருந்தது போதும் அண்ணே. வந்து பேசு" என்றாள். சூசைராஜ் அடுப்பில் இருந்ததை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

நடந்ததை எனக்குச் சொன்னதும் மரியபுஷ்பம்தான். அதனால் ஆண்கள் பேசியது கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும்.

செல்லையா மூட்டையைக் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் நடு ஆற்றில் கப்பல் தெரியும். புகைபோக்கியில் புகை கனக்க ஆரம்பித்திருந்தது. அவனைக் கப்பலில் கொண்டுபோய் விட வேண்டிய சம்பான்காரன் கரையில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். மச்சானைப் பார்த்ததும் செல்லையா எழுந்து, அந்த ஊரில் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று விலாசம் கேட்டான். தடுக்க வந்தவரிடம் வழி கேட்டால் எப்படி இருக்கும்? சூசைராஜ் அவன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பேச ஆரம்பித்தார்.

அவரைக் கூட்டிப்போனவர் பர்மாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் அமெரிக்கத் துரை ஒருவர். மீன்குழம்பில்லாமல் சாப்பிட முடியாத நிலைக்கு வந்துவிட்ட அந்த மனிதர், விடுமுறைக்குப் போகும்போது தன் குசினிக்காரரான சூசைராஜையும் சேவகன் என்று எழுதிக் கூட்டிப்போனார். போன இடம் நியூயார்க் அல்ல. ஒஹையோ மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். நம் அலோனில் நாலைந்து தெருவைச் சேர்த்தால் முழு ஊரும் அதற்குள் அடங்கும். ஒரு கடைத்தெரு, ஒரு ரொட்டிக்கடை, ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஒரு மனுஷர் விடாமல் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

போய்ச் சேர்ந்த வாரமே ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு தட்டில் ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்தார்கள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? நம் வழக்கம் அவருக்குத் தெரியும். வடை சுட்டு வைத்து அனுப்பினார். அவர்கள் மறுபடி பணியாரம் வைத்தார்கள். இவர் மறுபடி வடை. யார் முதலில் நிறுத்துவது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சூசைராஜ் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் 'சாம்' ஆனார். கதவுக்குப் பூட்டுப் போடுகிற வீடே இல்லை. தெருவில் போனால் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடாத ஆள் இல்லை.

"பாத்தியா?" என்றான் செல்லையா பெண்டாட்டியிடம்.

கப்பல் முதல் சங்கு ஊதியது. சூசைராஜ் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஊரில் கத்தோலிக்கக் கோயில் மட்டும் இல்லை. அடுத்த ஊருக்கு நடந்து போவார். தெருவில் சிலுவை போட்டுக்கொள்ளாதே என்று துரையின் தாயார் ஒரு தடவை சொன்னாள். குளிரில் கையை வெளியே எடுக்க வேண்டாம் என்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டார். துரை வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு நாள், பொழுது சாய்கிற நேரம். பாட்டுச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். முன்னால் பெரிய சிலுவை. பின்னால் வரிசை வரிசையாக வெள்ளை அங்கி போட்டவர்கள். தலை முதல் கழுத்து வரை வெள்ளை முக்காடு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. சின்ன வயதில் தென்பாண்டிக் கடற்கரையில், பெரிய வெள்ளிக்கிழமைப் பவனியில் கோயில் சபைக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களும் நம்மவர்கள்தான், இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று உள்ளே ஓடி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வந்தார். காலில் இருந்த ஜோட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். தெருவோரம் முழங்கால் போட்டு, பெரிதாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாட்டு நின்றது.

அவர்கள் சபைக்காரர்கள் அல்ல. கறுப்பர், யூதர், கத்தோலிக்கர் என்ற மூன்று தரப்பாரையும் அந்த நாட்டை விட்டுத் துரத்துவதற்கென்றே சேர்ந்த கூட்டம். மூன்றில் இரண்டுக்குப் பொருந்துகிற ஆள் தானாக வந்து மெழுகுவத்தியோடு முழங்கால் போட்டிருந்தால் அவர்களுக்கும் திகைப்பு இருக்கத்தானே செய்யும்? அத்தனை ஓட்டைகளும் அவரையே பார்த்தன. யாரோ கயிறு என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் சூசைராஜுக்கு எல்லாம் புரிந்தது.

வரிசையிலிருந்து ஒருவன் பிரிந்து வந்தான். மெழுகுவத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, ஊதி அணைத்தான். "சாம், வீட்டுக்குப் போ. பின்வாசல் வழியாப் போ" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். தினமும் காலையில் கேட்கிற குரல். ரொட்டிக்கடைக்காரன்.

சூசைராஜ் வெறுங்காலோடு ஓடினார். விடிந்ததும் ரொட்டி வாங்கப் போகாவிட்டால் பயந்துவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்; போனார். அவன் எப்போதும்போல் சிரித்தான், குளிர் கூடிவிட்டது என்றான், ரொட்டியோடு காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் கொடுத்தான். உள்ளே அவருடைய ஜோடு.

"அவன் என்னக் காப்பாத்தினானா, மிரட்டினானா, இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்றார் சூசைராஜ்.

இரண்டாம் சங்கு. சம்பான்காரன் எழுந்து நின்று கை அசைத்தான். செல்லையா கப்பலைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். பிறகு, ஜோட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நல்லவன்தானே என்று கேட்டான். இங்கே மேஸ்திரி முதுகில் பிரம்பால் போடுகிறான், அங்கே முக்காடு போட்டு அடிக்கிறான், பெரிய வித்தியாசம் என்ன, அங்கே கூலியாவது ஒழுங்காகக் கிடைக்கும் என்றான். அவன் சொல்வது நியாயம்தானோ என்று மரியபுஷ்பத்துக்கும் பட்டது.

சூசைராஜ் மூட்டையின் மேல் இருந்தபடியே சொன்னார். "மாப்பிள்ள, இங்க அடிக்கிறவன் மூஞ்சி தெரியும். அங்க துரை திரும்பி வர்ற வரைக்கும் நான் ஊர்ல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் சிரிச்சேன். பணியாரம் குடுத்த அம்மாவுக்கும் சிரிச்சேன், அவ புருஷனுக்கும் சிரிச்சேன். துணிக்குள்ள யாரு இருந்தா, யாரு இல்லன்னு தெரியாம. தாடை வலிக்கும். நீ சிரிப்பியா?"

செல்லையா சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று சாமியார் கெஞ்சிக் கேட்டும் சிரிக்காதவன். மேஸ்திரியிடம் அவன் வாங்கிய அடியில் பாதி, சலாம் வைக்கும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்ததற்காக. கரி தள்ளத் தயார், சிறைக்குத் தயார், கடலில் விழுந்து சாகவும் தயார். ஆனால் ஒரு ஊர் முழுக்கப் பல்லைக் காட்டுவது என்ற எண்ணம் அவனை உலுக்கிவிட்டது. உதட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. மரியபுஷ்பம் அந்த முயற்சியைப் பார்த்தாள்; அவன் சிரித்துவிட்டால் தன் வாழ்வு போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

"எந்திரிங்க மச்சான்" என்றான் கடைசியில். "மூட்டையப் பிரிக்கணும்."

சம்பான்காரன் திட்டிக்கொண்டே போனான். வழியிலேயே வேறொரு ஆள் கிடைத்துவிட்டான். கப்பலுக்கு என்றைக்கு ஆள் குறைந்திருக்கிறது?

மறுநாள் செல்லையா துறைக்குப் போனான். கப்பலுக்கு ஓடப் பார்த்த சேதி எட்டியிருந்ததால் மேஸ்திரி பிரம்போடு நின்றான். முதுகில் ஒன்று விழுந்தது. செல்லையா திரும்பி அந்த முகத்தை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, பிரம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்து, மேஸ்திரியையும் அதன் பின்னாலேயே தள்ளினான். மேஸ்திரிக்கு நீச்சல் தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் நல்ல சேதி. அந்தத் துறையில் செல்லையாவுக்கு இனி வேலை இல்லை.

சாயங்காலம் மரியபுஷ்பம் மறுபடியும் டிராம் ஏறி, மறுபடியும் கிளப் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீ ஏன் அண்ணே பேசினே?" என்றாள்.