காலிக் கூண்டில் இரண்டு தட்டு

இது நடந்தது. கதை கட்ட எனக்குத் தெரியாது, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கிழவன் குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் குடித்து மூன்று வருசம் ஆகிறது. ஏன் விட்டேன் என்பதும் இதில் வரும்.

ராத்திரியிலும் நடக்கவில்லை. போன மாசம், ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது.

தூத்துக்குடி துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே எலி அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெள்ளெலிகள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு போத்தல் தொங்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாராயம் கலந்த தண்ணீர். போத்தல் வாயில் ஒரு இரும்பு உருண்டை. எலி நக்கினால் டக்டக்டக்டக் என்று விடாமல் சத்தம் வரும். எலி ராத்திரியில்தான் குடிக்கும் என்று அங்கே பொழுதையே மாற்றி வைத்திருந்தார்கள். பகலில் இருட்டு, ஒரு சிவப்பு பல்பு மட்டும். ராத்திரியில் வெளிச்சம்.

பன்னிரண்டு கூண்டில் எலி. பதின்மூன்றாவது காலி. போத்தல் தானாக எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க அதிலும் இரண்டு போத்தல் மாட்டியிருக்கும்.

சுஜிதா என்ற பெண்தான் ஆராய்ச்சி செய்வது. முதல் நாளே அவளிடம் கேட்டேன்.

"எலிக்கு ஓசியில ஊத்துதீயளா? எங்க தெருவுல தெரிஞ்சா பாதிப் பேரு வாலை ஒட்டிக்கிட்டு வந்துருவானுவ."

சிரித்தாள். பிறகு விளக்கினாள். மூளையில் பிரேக் மாதிரி ஒரு சரக்கு, ஆக்சிலேட்டர் மாதிரி ஒரு சரக்கு. சாராயம் பிரேக்கை அமுக்கும். தினமும் ஊற்றினால் மூளை தன் பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொள்ளும். அப்படியே பழகிப்போகும். திடீரென்று சாராயத்தை நிறுத்தினால் பிரேக் இருக்காது, ஆக்சிலேட்டர் மட்டும்தான். எலி நடுங்கும், மூலையில் ஒடுங்கும், கிட்டே போனால் கடிக்கும். மறுபடி கொடுத்தால் முன்னைவிட அதிகமாகக் குடிக்கும்.

நான் நம்பவில்லை. எலியைப் பார்த்து மனுசனைச் சொல்லுகிற படிப்பு என்ன படிப்பு?

"இன்னொண்ணு அண்ணாச்சி. நிறுத்துன எலிக்குப் பக்கத்துல சாவிக் கொத்தைக் குலுக்கிராதீங்க."

"ஏன்?"

"அந்தச் சத்தத்துக்கே வலிப்பு வரும். சிலது செத்துப்போகும்."

வெளியே போய் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் சாவிக் கொத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் வைத்திருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கிளைட்டன் சங்கு குளிக்கிறவன். அவன் கடலுக்குள் இறங்குவான், நான் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பேன். ஒரு தடவை இழுத்தால் நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால், தூக்கு. பன்னிரண்டு வருசம் பிடித்தேன். இரண்டு இழுப்புக்கு ஒரு நாளும் தாமதித்ததில்லை. கரைக்கு வந்ததும் குளிர் போக ஒரு மடக்கு ஊற்றிக் கொடுப்பேன். முதல் மடக்கு கொடுத்தவன் நான்தான்.

பிறகு அவனுக்குக் காலையிலேயே வேண்டியிருந்தது. டாக்டர், "சடார்னு நிறுத்தாதீங்க, இங்க கொண்டாந்து சேருங்க" என்றார். ஆளைப் படுக்கவைத்துப் பில் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலத்தில் எங்கள் பக்கத்தில் பெருங்குடிகாரனும் நாற்பது நாள் தொடமாட்டான். அது போதும் என்று, தவசு தொடங்குகிற சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் சிலுவை போட்ட கையோடு அவனைக் கூட்டிவந்து, சங்கு போட்டு வைக்கிற கிட்டங்கியில் வைத்துப் பூட்டினேன். ஒரு குடம் தண்ணீரும் கொஞ்சம் ரொட்டியும் வைத்தேன். நாலு நாளைக்குக் கதவைத் திறப்பதில்லை என்று வைராக்கியம். என் வீட்டுக்காரி மரியசெல்வி அழுதாள். சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. உள்ளே இருந்து சங்கால் கதவைத் தட்டினான்.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக் டக்.

கயிற்றுக் கணக்கு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் நின்றேன். நடிக்கிறான் என்று நினைத்தேன். சாவிக் கொத்தை எடுத்துக் கதவுக்கு வெளியே குலுக்கி மிரட்டினேன்.

"ஏலே, சாவி இங்கனதாம்ல இருக்கு. இன்னும் முப்பத்தேழு நாளு."

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. அசந்து தூங்கிவிட்டான் என்று எண்ணினேன். அப்போது மணி பதினொன்று நாற்பது. சாயங்காலம் வரை சத்தமே வரவில்லை என்று திறந்தேன்.

அவ்வளவுதான்.

இனி அந்த வியாழக்கிழமை. மேல்தட்டு எலிகளுக்குச் சாராயத்தை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. கீழ்த்தட்டில் எல்லாம் வழக்கம்போல. காலிக் கூண்டும் கீழேதான். சிவப்பு வெளிச்சத்தில் நான் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

டக் டக்.

எலி என்று நினைத்தேன்.

டக் டக்...

எலி இப்படி விட்டு விட்டு நக்காது. இரண்டிரண்டாகத் தட்டாது.

கிட்டே போனேன். பன்னிரண்டு கூண்டிலும் எலிகள் ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன. அசையவில்லை.

பதின்மூன்றைப் பார்த்து.

டக் டக்...

கூண்டு காலி. ஆனால் போத்தலுக்குள் குமிழி ஏறியது...

உப்புவாடை. ஈரச் சங்கு வாடை.

"ஏலே... கிளைட்டா..."

டக் டக்...

கூண்டுக்குக் குனிந்தேன். மடியில் இருந்த கைக்குட்டை நழுவியது.

சாவிக் கொத்து தரையில் விழுந்தது.

மேல்தட்டில் ஒரு எலி வெட்டி வெட்டி இழுத்தது...

கீழே, காலிக் கூண்டில்...

தொப்.

பிறகு சத்தமே இல்லை.

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பது.

சுஜிதா வந்து போத்தல்களை எடை போட்டாள். பதின்மூன்றாம் கூண்டுக்கு வந்ததும் நின்றாள்.

"அண்ணாச்சி, இதுல தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா?"

"காலையில எடை போட்டு எழுதுனது நீதானம்மா."

நோட்டைப் பார்த்தாள். போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை. அடியில் போட்ட மரத்தூள் காய்ந்தே இருந்தது. தண்ணீர்ப் போத்தல் முழுக்கக் காலி. பக்கத்தில் சாராயப் போத்தல் வைத்தது வைத்தபடி. அதில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

அவனா? குடிக்காமலா? எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மரியசெல்வி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கிட்டங்கியை அன்றைக்குச் சுத்தம் செய்தது அவள்தான். மூன்று வருசமாக அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"ஏளா, அன்னைக்கு அந்தக் குடத்துல தண்ணி மிச்சம் கிடந்துதா?"

அவள் நிமிரவில்லை.

"குடம் முத நாளே கவுந்திருக்கும்போல. அடி வரைக்கும் காஞ்சு கெடந்துது. பிள்ள தரையை நக்கியிருக்கான். நாக்கு பூரா சங்குத் தூளு."

கையில் இருந்த மீனைத் தட்டில் வைத்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையே."