ஸ்டெல்லாவின் முழங்கால்

இன்று பேருந்தில் யாரோ பூசியிருந்த தைலத்தின் நெடி, திருமுல்லைவாயில் ரயில் பாதையோரம் இருந்த, இப்போது அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட மைதானத்துக்கு என்னை இழுத்துப்போனது. மாவட்டப் போட்டிக்காக என் தோழி ஸ்டெல்லா தினமும் அங்கே பழைய டயர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவாள், நான் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பேன், தைலம் தேய்த்துக்கொண்டு வந்தும் நாளுக்கு நாள் அவள் முழங்கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

"எங்கம்மாவாண்ட சொல்லிடாதடி, ஓட உடமாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அவள் வேகம் கூடக்கூட எனக்கும் வெறி ஏறியது. டயர்களை இன்னும் நெருக்கி வைத்தேன். போட்டிக்கு முந்தின மாலை, கடைசித் திருப்பத்தில் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மண்ணில் கிடந்தபடி ஸ்டெல்லா, "டைம் இன்னாடி?" என்றாள்.

ஓட்டம் முடியவேயில்லை, ஆனாலும் நல்ல நேரமாக ஒன்றைச் சொன்னேன். சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஓடவேயில்லை.