எச்சரிக்காத விதி

திருப்பதியில் குழந்தைகளுக்கான மருந்து ஆய்வொன்றில் நான் தரவு பதிந்துகொண்டிருந்தேன். மருந்தின் அளவு மீறினால் கணினி எச்சரிப்பதற்கான விதிகளை எழுதியவர் பக்கத்து ஊரான நகரியைச் சேர்ந்த ஒருவர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார். பெரியவர்களுக்கான ஆய்வுக்கு எழுதிய விதியையே மாற்றாமல் இதற்கும் போட்டுவிட்டார். ஒரு குழந்தைக்கு மருந்து கூடியபோது கணினி எச்சரிக்கவில்லை. குழந்தை தீவிர சிகிச்சைக்குப் போனது.

அவர் குழந்தையின் தாயிடம் ஓடினார். நானும் போனேன்.

"என் தப்பும்மா," என்றார்.

"மருந்த நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தியாச்சு."

"மத்த புள்ளைங்களும் அதத்தான குடிச்சிக்கினு இருக்குதுங்க? இங்க நின்னுகினு என்ன பண்றீங்க?"

எல்லாப் பதிவுகளையும் திறந்து பார்த்தோம். இன்னும் இரு குழந்தைகளுக்கு அளவு கூடியிருந்தது, மருத்துவர்கள் உடனே மருந்தை நிறுத்தினார்கள். அந்த இரு குழந்தைகளும் தப்பின. முதல் குழந்தை பிழைக்கவில்லை.

யாரும் கேட்கும் முன்பே அறிக்கையில் தவறு செய்தவர் என்று தன் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை.