படத்தில் எங்கள் வீடு இல்லை

காலை ரயிலில்தான் அந்தப் படம் தோன்றியது. எங்கள் பழைய ஊரான கேஜிஎஃபில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை, ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. வெளியே சயனைட் மலை. சுரங்கத்தில் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கண்ணாடியில் மலையைக் காணோம். விளிம்பே இல்லாத ஒரு சாம்பல் வெள்ளை, அடியில் கொஞ்சம் துருச்சிவப்பு. கையால் துடைத்தேன். உடனே மலை மலையாகிவிட்டது, எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏன் சப்பென்று ஆக வேண்டும்? கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரும்வரை அதே யோசனை.

அதுவரை வருஷக்கணக்காக நான் வரைந்தது அந்த மேடுகளைத்தான். மேடு, சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய தகரக்கூரை லைன் வீடுகள். ஒவ்வொரு படத்திலும் எங்கள் பழைய வீடு எங்காவது இருக்கும், நீலக் கதவோடு. படம் முடிந்ததும் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள், தேடுவாள், விரலை வைப்பாள். "இதோ." அதற்கப்புறம்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

புதுப் படத்தில் வீடு வைக்கவில்லை. பெங்களூரில் எங்கள் பொம்மனஹள்ளி வீட்டு ஹாலில், நாலடி அகலத் துணியில், பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் சாம்பலையும் துருவையும் இழுத்தேன். அம்மா வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தகட்டில் ஒட்டியிருந்த பழைய நீலம் கீழ் மூலையில் பட்டு ஒரு கறை. அதில் விரலை வைத்தாள்.

"இதுதானே?"

ஆமாம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு ஒக்கலிபுரத்திலிருந்து சித்தி வந்தாள். அம்மா அவளைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எங்க, நம்ம வீட்டக் கண்டுபிடி பாப்போம்."

"அக்கா, மொதல்ல கண்ணாடியப் போடு. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு."

"உனக்கு ஊரே மறந்துபோச்சு. இதோ கதவு."

"கதவுன்னா பக்கத்துல தண்ணி டேங்க் எங்க?"

"பின்னாடி மறைஞ்சிருக்கு."

"சும்னே அடம் பிடிக்காத. டேங்க் மறையுமா?"

"இங்கிருந்து பாத்தா மறையும். எனக்குத் தெரியாதா?"

இல்லாத டேங்கை அம்மா எனக்காக மறைத்துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா, அதுல வீடே இல்ல. அது கறை."

சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஆமான்னியே?"

"சொன்னேன்."

"ஏன்டி?"

சித்தி கிளம்பினாள். அப்புறம் அம்மா சுவரில் மாட்டியிருந்த பழைய படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கோபமாகக்கூட இல்லை, விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: "இதுல இருக்கற வீடாவது நெஜமா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்தப் படத்தில் நிழல் சரியாக விழவேண்டும் என்று வீட்டை நான் இன்னொரு லைனுக்கே நகர்த்தியிருந்தேன். மற்றதிலும் அப்படித்தான், எங்கே அழகோ அங்கே. அச்சு அசலாக இருக்கிறது என்று எல்லாரும் மெச்சிய படங்கள்.

"கதவு நெஜம்தாம்மா. எடம் மாத்திட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

தலையாட்டினேன். அம்மா உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு வாரமாக படம் வரையும் ஸ்டாண்ட் பக்கம் அவள் வரவில்லை. டீயைக்கூட வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.

வரும் ஞாயிறு விடியற்காலை முதல் ரயிலில் கேஜிஎஃபுக்குப் போகப்போகிறேன். எங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். நான் வரைந்ததெல்லாம் தூரத்திலிருந்து. அந்த வாசலில் நின்றால் எதிரே மேடு மட்டும்தான், வானத்தைப் பார்க்கவே அண்ணாந்தாக வேண்டும். மேட்டின் அந்த வெள்ளையை ஒரு விரற்கடைகூட நகர்த்தாமல் துணி முழுக்கப் பூசிப் பார்க்கப் போகிறேன். வருமா, தெரியாது. ஆனால் வீடு இதில் இல்லை என்று அம்மா தேடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன், எங்கே நின்று வரைந்தேன் என்பதையும்.