கடவுள் ஒண்ணா மூணா, பிரஷர் எவ்வளவு?

டயாலிசிஸ் சென்டர்ல மிஸ்ஸி வேலை பாக்குறவங்களுக்கு மிஷின் பயமில்ல. அதுல மாட்டிக்கிட்டு நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறவங்க வாய்தான் பயம். இதே பொழப்புல மாட்டியிருக்கிற சக நர்ஸுங்களே, உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்றது?

யாருக்கு போன்?

செலண்டார் ஊரு தோமஸ் அங்கிள் பஸ் ஓட்டினவரு, ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவரு. ரெம்பியா ஊரு மாணிக்கம் அங்கிள் வயர்மேன். கடவுள் ஒருத்தர்தான், உருவமும் இல்ல, பங்குபோட ஆளும் இல்லன்னு சொல்லி, கோயிலுக்கே போகாதவரு. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் நேரம்!

"அப்பா, மகன், ஆவி மூணும் ஒரே கடவுள்னா, இயேசு அழுது ஜெபம் பண்ணது யாருகிட்டய்யா?"ன்னு மாணிக்கம் அங்கிள் ஆரம்பிச்சாரு. "நீ பொண்டாட்டிக்குப் புருஷன், மகளுக்கு அப்பன், ஊருக்கு வயர்மேன். மூணு ஆளா நீ?"ன்னு தோமஸ் அங்கிள் மடக்கினாரு. ரெண்டு பேர் பிரஷரும் ஏறுது. மாணிக்கம் அங்கிள் அசரல.

"நான் மூணாவே இருந்தாலும், எனக்கு நானே போன் பண்ணி அழ மாட்டேன் லா!"

இடம் மாத்தின லட்சணம்

ஒருத்தரை இந்தக் கோடி, இன்னொருத்தரை அந்தக் கோடின்னு பிரிச்சுப் போட்டேன். "ஆதாம் தின்ன பழத்துக்கு ரெம்பியாவுல பொறந்த நான் எப்படிய்யா பாவி?"ன்னு இங்கேருந்து கத்தல். "இப்ப கோவம் வருதுல்ல, அதான் சாட்சி!"ன்னு அங்கேருந்து கத்தல். மதச் சண்டைன்னு யாராவது புகார் கொடுத்தா என் வேலை என்னாகும்? நடுவுல இருந்த சீன ஆன்ட்டி காதைப் பொத்திக்கிட்டாங்க.

"மிஸ்ஸி, தோலோங் லா, தயவுசெஞ்சு பழையபடி ஒண்ணாவே போடு, மெதுவாவாவது பேசுவாங்க."

ஆசீர்வாதம்

அப்புறம் தோமஸ் அங்கிளுக்கு இதயம் பலவீனம்னு தெரிஞ்சுது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரு. "அங்கிள், இனிமே சாமி பேச்சு வேணாம், அவரு தாங்க மாட்டாரு"ன்னு மாணிக்கம் அங்கிள்கிட்டக் கெஞ்சினேன்.

பாவம், அவரும் அன்னைக்கு மழையப் பத்தியும் டுரியான் பழத்தப் பத்தியும்தான் பேசினாரு. கடைசியா மட்டும் தோமஸ் அங்கிள் காதுல என்னமோ சொன்னாரு. கொஞ்ச நேரத்துல தோமஸ் அங்கிளுக்கு வேர்த்துக் கொட்டுது, பிரஷர் இறங்குது. நாற்காலியைச் சாய்ச்சு, காலைத் தூக்கி வச்சேன். அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"மிஸ்ஸி, உண்மையச் சொல்லு, நான் சாகப் போறேனா? 'உங்க இயேசு உங்களைக் காப்பாத்துவாரு'ன்னு அந்த மாணிக்கமே சொல்லிட்டான்!"

பதில் பாக்கி

பிரஷர் கொஞ்சம் சரியானதும் மாணிக்கம் அங்கிள்கிட்டப் போய், "அங்கிள், தயவுசெஞ்சு பழையபடி எதையாச்சும் கேட்டுத் தொலைங்க"ன்னேன். அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "யோவ் தோமஸ், சாவே இல்லாதவருதான் கடவுள். சிலுவையில செத்தவரை எப்படிய்யா கடவுள்ங்கிறே?"ன்னாரு.

தோமஸ் அங்கிள் முகத்துல அப்பதான் ரத்தம் வந்துச்சு. "சாகாத கடவுளுக்கு என் பயம் எப்படிய்யா தெரியும்? அடுத்த வாரம் என்னைய அறுக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு மாணிக்கம்."

எப்பவும் வாயில பதில் வச்சிருக்கிற மாணிக்கம் அங்கிள், ஊசி இல்லாத கையால தன் போர்வையை எடுத்து அவரு மேல போட்டாரு.

"அதுக்கு என்கிட்டப் பதில் இருக்கு, நீ ஆபரேஷன் முடிஞ்சு வந்து இந்த நாற்காலியில உட்காரு, அப்பதான் சொல்லுவேன்."

கடவுள் ஒண்ணோ மூணோ, அந்த ரெண்டு நாற்காலியிலயும் மறுபடி அவங்களே உட்கார்ற வரைக்கும் இங்க பிரஷர் எனக்குத்தான்.