பொங்கல் கரும்பும் என் கடைவாய்ப் பல்லும்

எங்கள் ஊரில் பல் சொத்தையானால் பிடுங்கிவிடுவதுதான் வழக்கம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். எங்கள் மணலூர்பேட்டைக்கு முகாம் நடத்த வந்த பல் டாக்டரம்மா ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். மின்சாரம் இல்லை, பல் குடைகிற மெஷின் ஓடாது. நான் கூச்சக்காரன், கன்னத்தைப் பிடித்தபடி போய் நின்றேன்.

"பிடுங்க வேணாங்க. சொத்தையை மட்டும் சுரண்டிட்டு அடைச்சிடறேன்," என்றார். குட்டி ஸ்பூன் போன்ற கருவியால் கையாலேயே சுரண்டி, வெள்ளைப் பசையை வைத்து அழுத்தினார்.

என் மனைவியின் தம்பி விடவில்லை. "இன்னா மாமா, வாயில பூச்சு வேலையா? பொங்கலுக்குக் கரும்பு கடி, பேந்துக்கினு வந்துடும்!" களத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

பொங்கலன்று அத்தனை பேர் முன்னால் கரும்பை நீட்டினான். போனால் போகட்டும் என்று அந்தப் பல்லிலேயே கடித்துத் தோலை உரித்தேன். அடைப்பு அசையவில்லை.

"இன்னொண்ணு குடுடா," என்றேன். கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பல வருடம் கழித்து அடைப்பு ஓரத்தில் தேய்ந்தது, மறுபடி அடைத்துக்கொண்டேன். பல் இன்னும் என்னுடையதுதான். பிடுங்கச் சொல்கிறவர்கள் பொங்கலுக்கு வரட்டும்.